உழவு இயந்திரத்தை மாற்றுவது எப்போது? திருகோணமலை விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் என்று மாவட்டத்தின் எந்தப் பக்கம் போனாலும் ஒரே பேச்சுக் கேட்கும்: இருக்கிற மெசினை இன்னொரு போகம் ஓட்டலாமா, கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாமா? அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை. கணக்குகளில் வரும் தொகைகள் வழிமுறையை விளக்குவதற்காக எடுக்கப்பட்டவை. அவற்றுக்குப் பதிலாக உங்களுடைய சொந்தத் தொகைகளை இட்டுப் பார்க்க வேண்டும்.

எத்தனை வருடம் ஓடிய பின் ஓர் உழவு இயந்திரத்தை மாற்ற வேண்டும்?

வருடத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. தன்னுடைய பத்து ஏக்கரை மட்டும் உழுபவரின் பதினைந்து வருட இயந்திரம், போகம் முழுவதும் இரவு பகலாகக் கூலிக்கு ஓடும் ஐந்து வருட இயந்திரத்தை விடத் தேய்வு குறைந்ததாக இருக்கலாம். தேய்வை அளப்பது ஓடிய மணித்தியாலம்தான்.

அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியியலாளர் சங்கத்தின் தரக்குறிப்பு, பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் உழவு இயந்திரத்துக்கு 12,000 மணித்தியாலமும், தானே ஓடி அறுக்கும் அறுவடை இயந்திரத்துக்கு 3,000 மணித்தியாலமும் வாழ்நாளாகக் கொள்கிறது. அந்த எண்கள் அந்த நாட்டு நிலத்துக்கும் பராமரிப்புக்கும் உரியவை என்பதால், முழங்கால் சேற்றில் இரும்புச் சில்லுப் பூட்டி உழும் நமது இயந்திரம் அவ்வளவு தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அதே தரக்குறிப்பு பழுதுச் செலவு வளரும் விதத்தைப் பற்றிச் சொல்வது இங்கும் பொருந்தும். உழவு இயந்திரம் ஓடிய மணித்தியாலம் இரட்டிப்பானால் அதுவரை சேர்ந்த பழுதுச் செலவு நான்கு மடங்காகிறது. 3,000 மணித்தியாலம் வரையான மொத்தப் பழுது, புதிய இயந்திர விலையில் நூற்றுக்கு 6 அளவில் இருக்கும். 6,000 மணித்தியாலத்தில் அது நூற்றுக்கு 25 ஆகும். 12,000 மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு முழு இயந்திரத்தின் விலையே பழுதுக்குப் போயிருக்கும். அதாவது வாழ்நாளின் பிற்பாதியில்தான் செலவின் முக்கால் பங்கு வருகிறது. "இவ்வளவு காலம் பெரிதாக ஒன்றும் செலவு வரவில்லை" என்ற நிம்மதி, இனியும் வராது என்பதற்கு ஆதாரமாகாது.

மணித்தியால மீற்றர் எப்போதோ நின்றுவிட்டது. என்ன செய்வது?

டீசலை வைத்து மதிப்பிடலாம். ஒரு நாள் தாங்கியை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, நேரம் குறித்து உழுது, மாலையில் மீண்டும் நிரப்பினால் மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்பது தெரிந்துவிடும். ஒரு போகத்தில் அடித்த டீசலை அந்த எண்ணால் வகுத்தால் ஓடிய மணித்தியாலம் கிடைக்கும். அதைவிட நல்லது, மீற்றரைத் திருத்துவது. பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு.

பழுதுச் செலவு இயந்திரத்தின் பெறுமதியில் பாதியைத் தொட்டால் மாற்றிவிட வேண்டும் என்கிறார்களே?

எளிதில் நினைவில் நிற்கும் விதி என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பு இல்லை. பழைய இயந்திரத்தின் விற்பனை விலை 16 இலட்சம், கியர் பெட்டியைத் திருத்த 8 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். திருத்திய பின் அது நான்கு வருடம் சிக்கலின்றி உழுமானால் அந்த 8 இலட்சம் மலிவான செலவு. அதே இயந்திரத்துக்கு 2 இலட்சத்தில் முடியும் பழுதுகள் ஒரே போகத்தில் மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை கராஜில் நிற்குமானால், எந்தத் தனிப் பழுதும் பாதிப் பெறுமதியைத் தொடாமலேயே மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். "போன வருடம்தான் எஞ்சினுக்கு ஐந்து இலட்சம் போட்டேன், இப்போது எப்படிக் கொடுப்பது?" என்று பலர் சொல்வார்கள். போட்ட காசு போய்விட்டது. வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பாது. அந்தத் திருத்தத்தால் விற்கும் விலை எவ்வளவு கூடியிருக்கிறது, அடுத்த வருடப் பழுது எவ்வளவு குறையும் என்ற இரண்டு மட்டுமே கணக்கில் சேர வேண்டியவை.

அப்படியானால் சரியான கணக்கை எப்படிப் போடுவது?

இரண்டு தொகைகளை ஒப்பிட வேண்டும். ஒன்று, பழைய இயந்திரத்தை இன்னும் ஒரே ஒரு வருடம் வைத்திருந்தால் ஆகும் செலவு. மற்றது, புதியதை வாங்கி, நீங்கள் வைத்திருக்க நினைக்கும் காலம் முழுவதும் ஓட்டினால் வருடத்துக்குச் சராசரியாக ஆகும் செலவு. முதலாவது இரண்டாவதைத் தாண்டாதவரை பழையதை வைத்திருப்பதே இலாபம்.

ஓர் உதாரணம். பழைய இயந்திரம் இன்று 18 இலட்சத்துக்குப் போகும். அடுத்த வருடம் 16.5 இலட்சத்துக்குத்தான் போகும் என்றால் பெறுமதித் தேய்வு 1.5 இலட்சம். அந்த 18 இலட்சத்தை இன்றே எடுத்து வைப்பிலிட்டிருந்தாலோ கடனை அடைத்திருந்தாலோ நூற்றுக்கு 12 வீதம் 2.16 இலட்சம் மிஞ்சியிருக்கும். ஆகவே அதுவும் செலவு. அடுத்த வருடப் பழுதுக்கு 3.5 இலட்சம், இயந்திரம் நின்றுபோகும் நாட்களின் இழப்புக்கு 1 இலட்சம், காப்புறுதிக்கு 10,000 ரூபா. மொத்தம் 8.26 இலட்சம்.

புதியது 45 இலட்சம். பத்து வருடம் ஓட்டி 20 இலட்சத்துக்கு விற்கலாம் என்றால் வருடத் தேய்வு 2.5 இலட்சம். அந்தக் காலத்தில் அதில் முடங்கும் பணம் சராசரியாக 32.5 இலட்சம் என்பதால் அதே வட்டியில் 3.9 இலட்சம். சராசரிப் பழுது 1.5 இலட்சம், நின்ற நாள் இழப்பு 20,000, காப்புறுதி 40,000. மொத்தம் 8.5 இலட்சம்.

வேறுபாடு 24,000 ரூபாதான். இப்படி இரண்டும் அருகருகே வரும்போது இன்னொரு வருடம் வைத்திருந்து, அந்த வருடத்தின் உண்மையான பழுதுச் செலவைக் கொப்பியில் எழுதி, மீண்டும் கணக்குப் பார்ப்பதே நல்லது. பெரும்பாலானோர் தவறவிடுவது வட்டியையும் நின்ற நாள் இழப்பையும். முதலாவதை விட்டால் புதியது உண்மையை விட மலிவாகத் தெரியும். இரண்டாவதை விட்டால் பழையது மலிவாகத் தெரியும்.

வட்டி வீதம் கூடினால் முடிவு மாறுமா?

மாறும். மேலே உள்ள உதாரணத்தில் வட்டியை நூற்றுக்கு 18 ஆக்கினால் பழையதன் செலவு 9.34 இலட்சம், புதியதன் செலவு 10.45 இலட்சம்; இடைவெளி ஓர் இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. வட்டி ஏறும் காலம் பழையதைத் திருத்தி ஓட்டும் காலம்.

இலங்கையில் இதை அண்மையில்தான் பட்டுத் தெரிந்துகொண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்தக் காலத்தில் பழைய இயந்திரங்களின் விலை குறையாமல் ஏறியதைப் பார்த்தவர்கள், இயந்திரத்துக்குத் தேய்வே இல்லை என்று நினைக்கத் தொடங்கினார்கள். விலை ஏறியது ரூபாவின் வீழ்ச்சியால். உள்ளே பல்சக்கரம் வழக்கம்போலத் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. கூடிய விலைக்கு விற்றவர் அதைவிடக் கூடிய விலை கொடுத்துத்தான் வேறொன்று வாங்க வேண்டியிருந்தது.

குத்தகைக் கடனில் எடுப்பவர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல் தவணைகளின் கூட்டுத்தொகையைக் கேட்க வேண்டும். நெல் வருமானம் வருடத்தில் இரண்டு முறை வருவது. தவணையோ மாதம் தவறாமல் வருவது. போகத்துக்கு ஒரு முறை பெரிய தவணை செலுத்தும் ஏற்பாடு உண்டா என்று கையொப்பமிடும் முன் கேட்டுப் பாருங்கள்.

இயந்திரம் நின்றுபோகும் நாட்களின் இழப்பை எப்படி மதிப்பிடுவது?

முடிவின் பாரம் பெரும்பாலும் இங்கேதான் தங்கியிருக்கிறது. கந்தளாய்க் குளத்திலிருந்தோ அல்லைத் திட்டத்திலிருந்தோ நீர் பெறும் வயல்களுக்கு, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்க வேண்டிய நாளும் குறிக்கப்படுகின்றன. வாய்க்காலில் நீர் வரும் அந்தச் சில கிழமைகளுக்குள் உழுது, சேறடித்து, மட்டப்படுத்தி விதைக்க வேண்டும். மானாவாரி வயல்களில் நாளைக் குறிப்பது ஐப்பசி மழை. இரண்டிலும் உங்கள் இயந்திரம் நிற்கும் நாளில் அயலவர் எல்லோருடைய இயந்திரமும் வேலையில் இருக்கும். கூலிக்குக் கேட்டால் உங்கள் முறை கடைசியாகத்தான் வரும்.

விதைப்புப் பிந்தினால் அறுவடையும் பிந்தும். சிறுபோகத்தில் பிந்திய பயிர், குளத்து நீர் குறையும் நேரத்தில் கதிர் பறிக்கும். அறுவடையில் இழப்பு இன்னும் நேரடியானது. நெல்லை ஈரப்பதன் நூற்றுக்கு 20 முதல் 22 வரை இருக்கும்போது வெட்டுவது உகந்தது. அந்தப் பருவம் தாண்டிக் காய்ந்து நிற்கும் கதிர் உதிரத் தொடங்கும், ஆலையில் குறுணல் கூடும். இடையில் ஒரு மழை வந்து வேளாண்மை சாய்ந்துவிட்டால் வெட்டுக்கூலியும் ஏறும்.

மதிப்பிடும் வழி இது. நின்ற நாட்களால் 12 ஏக்கரில் ஏக்கருக்கு 150 கிலோ குறைந்தது என்று வைத்தால் 1,800 கிலோ. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசு அறிவித்த கொள்வனவு விலை கிலோவுக்கு 120 ரூபா; அந்த விலையில் இழப்பு 2,16,000 ரூபா. கூலிக்கு ஓட்டுபவர் அந்த நாட்களின் கூலியையும் இதோடு சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் வேறு மெசினுக்குப் போனால் அடுத்த போகமும் அங்கேயே போகக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே ஒரே பழுதுக்கு, அது நிகழும் மாதத்தைப் பொறுத்து வெவ்வேறு விலை உண்டு. ஆவணியில் கிளட்ச் தேய்ந்தால் செலவு கிளட்ச் தட்டின் விலை மட்டும். ஐப்பசியில் தேய்ந்தால் அது ஒரு போகத்தின் விளைச்சலைத் தொடும். இயந்திரம் எத்தனை முறை பழுதானது என்பதை விட, எந்த மாதங்களில் பழுதானது என்பதைக் கொப்பியில் குறித்து வைப்பது அதிகம் பயன் தரும்.

எஞ்சினை முழுமையாகப் பிரித்துத் திருத்தினால் புதியது போலாகாதா?

எஞ்சின் மட்டும் அந்த நிலைக்கு வரலாம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றினால் சக்தியும் டீசல் சிக்கனமும் திரும்பும். மசி ஃபர்கசன் 135 போன்ற பழைய வகைகள் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடுவதற்கு, உதிரிப்பாகம் கிடைப்பதும் எந்தக் கிராமத்து மெக்கானிக்குக்கும் அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்திருப்பதுமே காரணம்.

ஆனால் கியர் பெட்டியும் பின் அச்சும் ஹைட்ரோலிக்கும் பழைய வயதிலேயே இருக்கும். புதிய எஞ்சினின் முழுச் சக்தி தேய்ந்த கியரில் ஏறும்போது அடுத்த பழுது அங்கே வரும். அதனால் எஞ்சினுக்குக் காசு போடும் முன் மற்றவற்றைச் சோதிக்க வேண்டும்: பாரத்தில் கியர் தானாகக் கழல்கிறதா, தூக்கிய கலப்பை எஞ்சினை நிறுத்திய பின் சில நிமிடங்களில் தானாக இறங்குகிறதா, பின் அச்சின் எண்ணெயில் சேறோ நீரோ கலந்திருக்கிறதா?

புகையின் நிறமும் பேசும். நீலப் புகை, ஒயில் எரிவதைக் காட்டுகிறது. ரிங் அல்லது வால்வு வழிகாட்டி தேய்ந்திருக்கும். கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைபட்டதும் டீசல் ஊசிகள் கெட்டதும் காரணமாகலாம். அது பெரும்பாலும் சிறிய செலவில் தீரும். சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லையா, குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கரும்புகையைக் கண்டவுடன் விற்கப் புறப்படுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வாங்குபவர் வடிகட்டியை மாற்றிவிட்டு மகிழ்ச்சியாக உழுகிறார்.

கடற்கரைப் பக்கமும் வெள்ளப் பகுதியும் இயந்திரத்தின் ஆயுளைக் குறைக்குமா?

நிச்சயமாக. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் உப்புக் காற்றில் வெளியே நிற்கும் இயந்திரத்தில் மின்கம்பி முனைகளும், டீசல் தாங்கியின் அடியும், அறுவடை இயந்திரத்தின் தகட்டு வேலைகளும் முதலில் கறல் பிடிக்கும். ஒரு கொட்டில் போடும் செலவு இரண்டொரு வருடத்தில் திரும்பிவிடும்.

மகாவலி பெருகும்போது வெருகல், மூதூர்ப் பகுதிகளில் இயந்திரங்கள் நீரில் மூழ்குவதுண்டு. அப்படி மூழ்கியதை வெள்ளம் வற்றியதும் இயக்கிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் நின்றால், நீரை அமுக்க முடியாததால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். திருத்தக்கூடியதாக இருந்த இயந்திரம் அந்த ஒரு நொடியில் விற்கவும் முடியாததாகிவிடும். எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் ஆகியவற்றின் எண்ணெயை முழுதாக இறக்கி, டீசல் தாங்கியைக் கழுவி, டீசல் ஊசிகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே மேற்கொண்டு யோசிக்கலாம். பால் நிறத்தில் எண்ணெய் வந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். காப்புறுதி இருந்தால், எதையும் கழற்றும் முன் படம் எடுத்து அறிவித்துவிட வேண்டும்.

இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கும் இதே கணக்கா?

வழி அதே, தொகைகள் சிறியவை. எஞ்சினைத் தனியே மாற்றலாம் என்பதால் பெரும்பாலும் திருத்துவதே மலிவு. சட்டமும் கியர் பெட்டியும் வெடித்து ஒட்டியவையாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

அறுவடை இயந்திரத்தை மாற்றுவதா, விற்றுவிட்டுக் கூலிக்கு எடுப்பதா?

வாழ்நாள் 3,000 மணித்தியாலமே என்பதால் இங்கே தவறு செய்தால் அடி பெரிது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் வருடச் செலவை, அதாவது தேய்வு, வட்டி, காப்புறுதி ஆகியவற்றைக் கூட்டி, ஏக்கர் கூலிக்கும் ஏக்கருக்கு ஆகும் ஓட்டச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். நிலையான செலவு 18 இலட்சம், கூலி ஏக்கருக்கு 15,000, டீசல், சாரதி, பழுது எல்லாம் சேர்ந்து ஏக்கருக்கு 6,000 என்றால், வருடத்துக்கு 200 ஏக்கர் வெட்டினால்தான் நட்டமில்லை.

சொந்த வயலையும் இரண்டு அயல் வட்டைகளையும் மட்டும் நம்புபவர் அந்த அளவை எட்டுவது கடினம். அறுவடை முந்திப் பிந்தி வரும் மாவட்டங்களுக்கு இயந்திரத்தை லொறியில் ஏற்றிப் போகத் தயாராக இருப்பவருக்கே சொந்த மெசின் பொருந்தும். எட்டாதவர்கள் ஒரே கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த சிலராகக் கூடி ஒன்றை வைத்திருக்கலாம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. யாருடைய வயல் முதலில் என்பதை எழுத்தில் வைக்காமல் அதில் இறங்குவதை விடக் கூலிக்கு எடுப்பது மேல்.

பாவித்த இயந்திரத்தை வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் சில வருடங்களின் பெருந்தேய்வை முந்திய உரிமையாளர் சுமந்துவிடுவதால், கணக்கின்படி பல நேரங்களில் இதுவே நல்ல வழி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், முதல் உதையில் எழும்புகிறதா என்று பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். நிறுத்தி வைத்த இடத்தில் ஓட விட்டுப் பார்ப்பது போதாது. ரொட்டவேட்டரைப் பூட்டி வயலில் அரை மணித்தியாலமாவது உழ வேண்டும்.

எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாற்றிப் பூட்டியிருந்து அது சான்றிதழில் ஏறாமல் இருந்தால், ஏற்றித் தந்த பிறகே காசு கொடுங்கள். குத்தகைக் கம்பனியின் பெயர் உரிமையாளர் இடத்தில் இன்னும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

விற்க நல்ல காலம் எது?

வாங்குபவர் உழவை நினைக்கும் காலம்: ஆவணி, புரட்டாதி. பங்குனியில் பலர் கையில் காசு இருந்தாலும் அவசரம் இருக்காது. போகத்தின் நடுவே பழுதாகி நிற்கும் இயந்திரத்துக்கு எந்தக் காலத்திலும் நல்ல விலை வராது.

புதியதை எடுத்த பின் பழையதை அவசரத் தேவைக்கு வைத்திருக்கலாமா?

ஒரு போகத்துக்கு வைத்திருக்கலாம். அதற்கு மேல் யோசிக்க வேண்டும். மூலையில் நிற்கும் இயந்திரத்துக்கும் வட்டி ஓடுகிறது, பற்றரி இறங்குகிறது, ரயர் வெடிக்கிறது, டீசல் தாங்கியில் நீர் சேர்கிறது. தேவைப்படும் நாளில் அது எழும்பாது. நீர் இறைக்கவோ பெட்டி இழுக்கவோ அதற்கென்று நிலையான வேலை இருந்தால் வைத்திருங்கள். அப்போதும் கிழமைக்கு ஒரு முறை அரை மணித்தியாலம் பாரத்தோடு ஓட்டி, அதன் செலவைத் தனிப் பக்கத்தில் எழுதி வர வேண்டும். அந்தப் பக்கம் ஒரு வருடத்தில் காட்டும் தொகை, அதே வேலைக்குக் கூலி கொடுத்திருந்தால் ஆகும் தொகையைத் தாண்டினால், அடுத்த ஆவணியில் விற்றுவிடுங்கள்.